உரிமையாளர் மறுத்துவிட்டார்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, அதட்டாமலே அமைதியைக் கொண்டுவரும் அருங்கலையை அன்றாடம் நிகழ்த்திக்கொண்டிருக்கும் எங்கள் தலைமை நூலகர் அம்மையார் அவர்களே! பதிவுத்துறையின் கணினிப் பிரிவிலிருந்து, விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்து வந்து, மேடையின் ஓரத்தில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் இளம்பொறியாளர் அவர்களே! அரைமணி நேரம் முன்னதாகவே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பெரியவர்களே! பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் சுமந்துகொண்டு இத்தனை படியேறி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி போதாமல் புத்தக அலமாரிகளில் சாய்ந்து நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவரையும் தலை குனிந்து வணங்குகிறேன். மேடை மரபுக்காகக் குனியவில்லை. குனிய வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? இப்போது? ஒலிவாங்கியை விழுங்கிவிடாதே என்கிறார் ஒருவர். சரி, தள்ளிப் பிடிக்கிறேன்.

இன்றைய தலைப்பு என்ன? அரசின் இணையச் சேவைகளில் உள்நுழைவுப் பாதுகாப்பை வலுப்படுத்துதல்! படித்து முடிப்பதற்குள் மூச்சு முட்டுகிறது. முன்வரிசையில் ஒரு பெரியவர் இப்போதே கொட்டாவி விடுகிறார். தாராளமாக விடுங்கள் ஐயா, ஆறு மாதங்களுக்கு முன்னால் இந்தத் தலைப்பைக் கேட்டிருந்தால் நானும் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவிதான் விட்டிருப்பேன். இன்றோ, இதைச் சொல்லும்போதே என் உடம்பு சிலிர்க்கிறது.

என்னை உங்களுக்குத் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, இரண்டு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்துக்கொண்டு பதினோரு ஆண்டுகளாகப் பிழைக்கிறவன் நான். பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ், படிப்பவருக்கு வருமானச் சான்றிதழ், வீடு கட்டியவருக்கு வீட்டுப் பதிவு என்று அரசாங்கத்தின் எந்தக் கதவைத் தட்ட வேண்டுமானாலும் என் கடைக்குத்தான் வருவீர்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதோ, அலமாரிப் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்! ‘ஓடிபி அண்ணன்’. ஆமாம், அடியேன்தான் அந்த ஓடிபி அண்ணன்.

பெயர் எப்படி வந்தது? கணக்குத் தொடங்க வருகிறவரிடம் கைப்பேசி எண் கேட்பேன். "நம்பர் ஞாபகம் இல்லியே" என்பார் ஒருவர். "பேரன் கையில இருக்குப்பா" என்பார் இன்னொருவர். "போன வாரம்தான் மாத்தினேன், புதுசு எழுதி வைக்கல" என்பார் மூன்றாமவர். எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவது? இளகிய மனம் எனக்கு! என் கடை எண்ணையே எல்லாருக்கும் போட்டுவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர்! நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அரசாங்கம் அனுப்பும் இரகசியக் குறியீடு என் ஒருவன் சட்டைப்பையில் வந்து சிணுங்கும்.

கடவுச்சொல்? அதுவும் எல்லாருக்கும் ஒன்றே. நான் வெளியே போகும்போது மனைவி கடையைப் பார்த்துக்கொள்வாள் அல்லவா? அவளுக்கு வசதியாகக் கணினிக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். எழுத்து பொடியாக இருக்கிறது, கண் தெரியவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் குறைபட்டார். உடனே பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினேன்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அந்தச் சுவரைப் பார்த்தபடி நின்ற உங்களில் ஒருவர்கூட அன்றைக்கு இது தவறு என்று சொல்லவில்லை என்பதையும் நினைத்துக்கொண்டு சிரியுங்கள்.

நான் திருடனா? இல்லை. ஒருவர் கணக்கிலும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளியவன் இல்லை. நம்பினீர்கள், நம்பிக்கைக்கேற்ப நடந்தேன், அதில் எனக்கு நாட்டுக்கே தொண்டு செய்வதாக ஒரு நினைப்பு. அந்த நினைப்பின் உச்சியில் நான் உட்கார்ந்திருந்தபோதுதான் இதோ இந்த இளம்பொறியாளர் வந்து சேர்ந்தார்.

வந்து என்ன சொன்னார்? இனி ஒவ்வொருவர் கணக்குக்கும் அவரவர் கைப்பேசிதான் என்றார். கடவுச்சொல் மட்டும் போதாது, வீடு, நிலம், பெயர், வாரிசு என்று பெரிய மாற்றம் எதுவானாலும் உரியவரின் கைப்பேசிக்கே நேராக ஒரு கேள்வி போகும், அவர் ‘ஆம்’ என்றால்தான் நடக்கும் என்றார். எனக்கு வந்ததே கோபம்! பாமரரை வதைக்கும் திட்டம் என்றேன். பாதுகாப்பு என்ற பெயரில் பாதையை அடைக்கிறார்கள் என்றேன். அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தேன். இந்தப் பொறியாளர் அம்மையாரின் முகத்துக்கு நேரே, "நீங்க ஏசி ரூம்ல உட்கார்ந்து யோசிச்சா இப்படித்தான் வரும்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்களும் ஒரு சனிக்கிழமை நூலகத்துல எங்க மேசைக்கு வந்து பாருங்கண்ணே" என்றார். நான் போகவில்லை.

ஆனால் ஒருவர் போனார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவரைப் பற்றிப் பேசலாமா என்று அவரிடமே அனுமதி கேட்டேன். "பேசுங்க, ஆனா மேடைக்குக் கூப்பிடாதீங்க" என்றார். கூப்பிட மாட்டேன். எந்த வரிசையில் இருக்கிறார் என்று யாரும் கழுத்தைத் திருப்பித் தேடவும் வேண்டாம்.

கணவரை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டே அறை கொண்ட ஒரு வீடு, அந்த அம்மாவின் பெயரில் இருக்கிறது. அவர் தைத்த தையலெல்லாம் சேர்ந்து நின்ற வீடு என்பதால் கணவர் அவர் பெயரிலேயே பதிவு செய்துவிட்டுப் போனார். அந்த அம்மாவுக்கு ஒரு குணம் உண்டு. ‘முடியாது’ என்ற சொல் அவர் வாயில் வராது. "நாளைக்கே வேணும்" என்றால் "சரி". "கை நீளத்தைக் கொஞ்சம் குறைச்சிடுங்க, காலர மாத்திடுங்க" என்றால் "சரி". பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய சாமான்களை இவர் வாசலில் கொண்டுவந்து அடுக்கியபோதும் "சரி". அப்படி ஒரு மனுஷி!

இந்த நூலகத்தின் சன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொண்டுவந்து கொடுக்கப் போன ஒரு சனிக்கிழமை, கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பொறியாளர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார். அவருடைய சொந்த எண்ணை அவருடைய கணக்கில் சேர்த்திருக்கிறார். கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னாராம். அதற்கு நம் தையல்காரம்மா என்ன சொன்னார் தெரியுமா? "வேண்டாம்மா, கடைக்காரத் தம்பி கோவிச்சுக்குவாரு!" என்னைப் புண்படுத்தக் கூடாதென்று என் சுவரில் தொங்கிய அதே கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். போகும்போது பொறியாளர் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார். "அக்கா, நீங்களா ஒரு வேலைய ஆரம்பிச்சிருந்தா மட்டும் ஆம்னு தட்டுங்க. நீங்க ஆரம்பிக்காம கேள்வி வந்தா, யார் சொன்னாலும் இல்லைனு தட்டுங்க. யார் சொன்னாலும்."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணி. கடையில் கூட்டம். தையல்காரம்மாவின் கொழுந்தனார், அதாவது மறைந்த கணவரின் தம்பி, கையில் ஓர் உறையோடு வந்தார். "அண்ணிக்கு முழங்கால் வலி, வர முடியல. நீங்களே முடிச்சுக் குடுத்துடுவீங்கன்னு சொல்லி அனுப்பினாங்க" என்றார். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அவையோரே, நான் படிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். தப்பிக்கப் போவதில்லை. படித்தேன். வீட்டின் உரிமை மாற்றம் என்றுதான் இருந்தது. அண்ணியிடமிருந்து கொழுந்தனுக்கு என்றுதான் இருந்தது. குடும்பத்துக்குள் பேசி முடித்திருப்பார்கள், நமக்கெதற்கு வம்பு என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தேன். கடவுச்சொல்லைத் தட்டினேன். கதவு திறந்துகொண்டது.

கடைசிப் பக்கம் வரை தடையில்லை. சட்டைப்பையில் என் கைப்பேசி சிணுங்கும் என்று காத்திருந்தேன். சிணுங்கவில்லை. திரையில் ஒரு வரி வந்தது. ‘உரிமையாளரிடம் கேட்கப்பட்டுள்ளது. காத்திருக்கவும்.’ ஒரு நிமிடம் போயிற்று. பிறகு இன்னொரு வரி வந்தது. ‘உரிமையாளர் மறுத்துவிட்டார்.’

தெரியாமல் விரல் பட்டிருக்கும் என்றார் கொழுந்தனார். அப்படித்தான் இருக்கும் என்றேன் நானும். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே வரி: ‘உரிமையாளர் மறுத்துவிட்டார்.’

என் திறமையை அல்லவா இது கேலி செய்கிறது! வரிசையில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எடுத்தேன் கைப்பேசியை. அடித்தேன் தையல்காரம்மாவுக்கு.

"அக்கா, நான்தான் பேசுறேன். போன்ல ஒரு கேள்வி வருதுல்ல? ஆம்னு ஒரு தட்டு தட்டுங்க, அவ்ளோதான்."

"நான் எதுவும் ஆரம்பிக்கலியே தம்பி."

"நான்தான்க்கா ஆரம்பிச்சேன். உங்க கொழுந்தனார் இங்கதான் இருக்காரு."

அந்தப் பக்கம் தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது. கொழுந்தனார் கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கினார். "அண்ணி, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் செய்யறேன். கடைக்காரரே சொல்றாரு பாருங்க, தட்டிடுங்க" என்றார். நான் மூன்றாம் முறை அனுப்பினேன். அந்த அம்மா பேசியது எனக்கும் கேட்டது. குரல் நடுங்கியது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"என்னைக் கேட்டிருக்குல்ல? கேட்டதுக்குப் பதில் சொல்லியாச்சு."

திரையில் மூன்றாவது முறையும் அதே வரி வந்தது. அத்தோடு கணக்கு பூட்டிக்கொண்டது. இனி உரியவர் நேரில் வந்து முகம் காட்டினால்தான் திறக்கும் என்று அறிவித்தது. கொழுந்தனார் உறையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் யார் எவர் என்று தேடாதீர்கள். அவரைச் சுட்ட எனக்கு விரல் இல்லை. மூன்று முறை அந்தக் கேள்வியை அனுப்பியது என் விரல்தான்.

இப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? வரவில்லை! மதியம் கடையைச் சாத்திவிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போனேன். எதற்கு? சண்டை போட! பத்துப் பேர் முன்னால் என் பேச்சை மதிக்காமல் போனது எப்படி என்று கேட்க! அவ்வளவு பெரிய மனிதன் நான்!

வாசல் அறையில், சன்னலோரம் இயந்திரம். அரைகுறையாகத் தைத்த நீலச் சட்டைகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன. கைப்பேசி அளவு நாடாவின் பக்கத்தில் இருந்தது. என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். "கோவிச்சுக்காதீங்க தம்பி" என்றார் முதலில். நான் திட்ட வாயெடுப்பதற்குள் அவரே சொல்லத் தொடங்கினார்.

"படிப்ப நிறுத்தினப்ப என்னைக் கேக்கல. கல்யாணம் முடிவு பண்ணப்ப கேக்கல. இந்த ஊருக்கு வந்ததும் கேட்டு வந்ததில்ல. இவர் போனப்புறம் எல்லாரும் கூடி ஏதேதோ முடிவு பண்ணாங்க, அப்பவும் கேக்கல. இது மட்டும் கேட்டுச்சு தம்பி. ‘இதைச் செய்வது நீங்கள்தானா? உங்களுக்குச் சம்மதமா?’ன்னு மரியாதையா கேட்டுச்சு. கண்ணாடியத் தொடச்சுட்டு ரெண்டு தடவ படிச்சேன். பயந்துக்கிட்டேதான் இல்லைனு தட்டினேன். தட்டினப்புறம் ஒண்ணும் ஆகல தம்பி. இடி விழல. மிஷின் இருந்த எடத்துலதான் இருந்துச்சு. அதான் அடுத்த ரெண்டு தடவயும் தட்டினேன்."

அவையோரே! மெல்லக் கேட்டேன்: "அக்கா, அது எதுக்கு வந்த கேள்வின்னு தெரியுமா?"

"தெரியாதே. ஏதோ சான்றிதழ்னு நெனச்சேன்."

"இந்த வீட்டுக்குத்தான்க்கா. இந்த வீட்ட உங்க கொழுந்தனார் பேருக்கு மாத்துற விண்ணப்பம்."

அந்த அம்மா அப்படியே நீலச் சட்டைகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். காக்கிறோம் என்று தெரியாமலே தன் வீட்டைக் காத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தில் பாதி, வியப்பில் பாதி.

எண்ணிப் பாருங்கள்! கோட்டை கட்டினார்கள், அகழி வெட்டினார்கள், யானை முட்டினாலும் அசையாத கதவு செய்தார்கள், எல்லாம் யாருக்கு? அரசருக்கு! அரசரின் கருவூலத்துக்கு! இரண்டறை வீட்டுக்கு யார் காவல் வைத்தார்கள்? சீருடை தைப்பவரின் வாசலில் எந்தப் படை நின்றது? இன்று நிற்கிறதே! எங்கோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் நம் வீடும் நிலமும் பெயரும் எழுத்தாக உறங்குகின்றன. அவற்றைத் தொட ஒருவன் கை நீட்டினால், அடுத்த நொடியில் அந்தக் கேள்வி கம்பி இல்லாமல் பறந்து வந்து, ஊர்ப் பெரியவரைக் கேட்காமல், கொழுந்தனைக் கேட்காமல், கணினிக் கடைக்காரனைக் கேட்காமல், தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் கேட்கிறது. உனக்குச் சம்மதமா என்று கேட்கிறது! இதைவிட அதிசயம் நான் பார்த்ததில்லை.

அந்த வரியை மறுபடி நினைத்துப் பாருங்கள். துறை மறுத்தது என்று வரவில்லை. அதிகாரி மறுத்தார் என்று வரவில்லை. கணினி பழுது, பிறகு வரவும் என்று வரவில்லை. உரிமையாளர் மறுத்துவிட்டார்! வாழ்நாளெல்லாம் ‘சரி’ என்று மட்டுமே சொன்ன ஒருவரை, உரிமையாளர் என்று அழைத்த முதல் வரி அது. கடவுச்சொல் களவு போகலாம், என் சுவரைப் போன்ற சுவர்கள் ஊரெல்லாம் இருக்கலாம், ஆனால் ஒருவரின் மறுப்பை இன்னொருவர் களவாட முடியுமா? முடியாது! அவருடைய கைப்பேசி அவர் கையில் இருக்கும்வரை முடியவே முடியாது!

கைதட்டலுக்கு நன்றி. அதை அந்த அம்மாவுக்கும் இந்தப் பொறியாளருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு அதில் பங்கில்லை.

ஏனென்றால் அன்று நான் கிளம்பும்போது தையல்காரம்மா வாசல் வரை வந்து ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அன்னிக்கு நான் திரைச்சீலை குடுக்கப் போகாம இருந்திருந்தா, இந்தக் கேள்வி யாருக்கு வந்திருக்கும்?"

எனக்கு வந்திருக்கும். என் சட்டைப்பைக்கு வந்திருக்கும். நான் ‘ஆம்’ என்று தட்டியிருப்பேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். அந்த வீடு போயிருக்கும். திருடாத என் கை வழியாகவே போயிருக்கும்!

"இன்னும் எத்தன பேரோட பதில் உங்க போன்ல இருக்கு?" என்று கேட்டார்.

"நானூத்திப் பதினொண்ணு" என்றேன்.

"திருப்பிக் குடுத்துடுங்க தம்பி" என்றார். கேட்பதற்கே தயங்குகிறவர், அன்று கட்டளையே இட்டார்.

கடைக்குத் திரும்பியதும் சுவரிலிருந்த தாளைக் கிழித்தேன். அன்றிலிருந்து இந்த ஐந்து மாதமாக வீடு வீடாகப் போகிறேன். பொறியாளரின் சனிக்கிழமை மேசைக்கு ஆளனுப்புகிறேன். கைப்பேசி இல்லாதவருக்கு அடையாள அட்டையோடு நேரில் வந்து பதில் சொல்லவும் துறையில் வழி செய்திருக்கிறார்கள். முந்நூற்று எழுபத்து நான்கு பேருக்கு அவரவர் பதிலை அவரவர் கையில் ஒப்படைத்துவிட்டேன். மிச்சம் முப்பத்தேழு பேர். அந்த முப்பத்தேழு பேரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். தேநீர் உண்டு என்று அழைத்ததே அதற்காகத்தான்!

உங்களில் சிலர் என்ன சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நேற்றுகூடக் கேட்டேன். "எங்களுக்கு எதுக்குண்ணே இந்தத் தலைவலி? உங்கமேல நம்பிக்கை இருக்கு, நீங்களே வச்சுக்குங்க." எவ்வளவு அன்பு! எவ்வளவு நம்பிக்கை! பதினோரு ஆண்டுகளில் எந்த வாடிக்கையாளரிடமும் நான் முடியாது என்று சொன்னதில்லை. இந்தக் கைப்பேசி என்னிடம் இன்று கேட்கிறது, முப்பத்தேழு பேரின் வீட்டுக்கும் பெயருக்கும் நீ பதில் சொல்லச் சம்மதமா என்று. இத்தனை பேர் சாட்சியாக, இந்த மேடையில் நின்று சொல்கிறேன்: இல்லை! நான் உங்கள் உரிமையாளன் இல்லை!

மண்டபத்தின் பின்பக்கம் மூன்று மேசைகள் இருக்கின்றன. பொறியாளரும் அவருடைய தோழர்களும் அங்கே வருவார்கள். புதிய கடவுச்சொல்லை உங்கள் விரலாலேயே தட்டுங்கள். நான் சன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன்.

பேச வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கும், பிழை செய்தவனின் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கும், என்னிடம் ‘இல்லை’ என்று சொன்ன அந்த அம்மாவுக்கும் என் நன்றியைக் காணிக்கையாக்கி விடைபெறுகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு உரிமையாளர்களே, உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என் வணக்கம்!